எழுத்தா, குரலா?



அப்போஸ்தலரும் சுவிசேஷகருமாகிய அர்ச். அருளப்பர் எழுதிய மூன்று நிருபங்களில் கடைசி இரண்டும் மிகச் சிறியவை. இரண்டையும் சேர்த்து வாசிக்க ஐந்து நிமிஷம் போதும். அவற்றை அவர் எப்படி முடிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சொல்ல வேண்டியது இன்னும் மிகுதியாக இருந்தும், அதை மையைக்கொண்டு எழுதத் தமக்கு மனமில்லை என்றும், நேரில் வந்து பேசவே விரும்புவதாகவும் இரண்டிலும் ஒரே விதமாய்த் தெரிவிக்கிறார். எழுதத் தெரியாத ஒருவர் சொன்ன சாக்கு அல்ல இது. நான்காம் சுவிசேஷத்தை நமக்குத் தந்தவர் அவர். எழுத்தின் வல்லமையை அவர் அறியாதவரா? இருந்தும், எழுத்துக்குள் அடங்காத காரியங்கள் சில உண்டென்று அவர் கண்டிருந்தார். அந்தக் காரியங்கள் எவை என்பதையே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இன்று நம் பங்கில் செல்போன் இல்லாத வீடு அரிது. அந்தச் சிறு கருவியில் பேசவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். ஆனால் வரவர எழுத்துப் பெருகி, பேச்சுக் குறைந்து போவதை நீங்களே காண்கிறீர்கள். மாடியிலிருக்கும் மகளைச் சாப்பிடக் கூப்பிடவும் சேதி போகிறது. பிள்ளை பெற்ற தங்கைக்கு ஒரு வாழ்த்துச் சேதி. தகப்பனை இழந்த சிநேகிதனுக்குக் கைகூப்பின ஒரு சிறு படம். வாலிபரைக் கேட்டால், "போன் செய்தால் தொந்தரவாக இருக்கும், சாமி, மெசேஜ் போட்டால் அவர்களுக்கு வசதியான நேரத்தில் பார்ப்பார்கள்" என்கிறார்கள். பெரியவர்களைக் கேட்டால், "அதெல்லாம் மனசுக்கு ஒட்டவில்லை, சாமி, ஒரு வார்த்தை பேசினால் என்ன?" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகையால் யாரையும் முன்கூட்டியே குற்றம் சாட்டாமல், நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லுகிறேன்.

அண்ணன் தம்பி இருவர். தம்பி கடற்கரைக் குப்பத்தில் தொழில் செய்கிறவர். அண்ணன் பிழைப்புக்காகச் செங்கற்பட்டில் குடியேறினவர். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேர் உங்களுக்குத் தேவையில்லை. அண்ணன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி, "நாளைக்கு வரட்டுமா?" என்று செல்போனில் எழுதிக் கேட்டார். கடலில் மீன் படாத நாள்கள் அவை. தம்பி கையில் காசிராது, பஸ் செலவு செய்து ஒரு நாள் வேலையையும் கெடுத்துக்கொள்வானேன் என்று எண்ணிய அண்ணன், "நீ வர வேண்டாம்" என்று பதில் எழுதினார். மூன்றே சொற்கள்.

இந்த மூன்று சொற்களை நம் தமிழில் எத்தனை விதமாய்ச் சொல்லலாம்! நெஞ்சு கனிந்து சொன்னால், "உனக்கு எதற்கப்பா சிரமம், நான் நன்றாயிருக்கிறேன்" என்று பொருள். பல்லைக் கடித்துச் சொன்னால், "என் முகத்தில் விழிக்காதே" என்று பொருள். எழுத்திலோ இரண்டும் ஒன்றுதான். முந்தின வருஷம் வலை வாங்கின கடன் விஷயமாய் இருவருக்கும் சிறு மனத்தாங்கல் இருந்தது. ஆகவே தம்பி இரண்டாவது விதமாய் வாசித்துவிட்டார், போகவில்லை. அவர் வராததைக் கண்டு அண்ணனுக்கும் மனம் கசந்தது. "வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால், நிஜமாகவே வராமல் இருந்துவிடுவானா?" என்று நினைத்தார். இரண்டு வருஷம் பேச்சில்லை. அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சித்தப்பன் இல்லை. கலியாணம் நெருங்கிற்று.

தவக்காலத்தில் வீடு மந்திரிக்கப் போன என்னிடம் தம்பி தம் செல்போனை எடுத்துக் காட்டினார். அந்தச் சேதியை இரண்டு வருஷமாய் அழிக்காமல் வைத்திருந்தார். "அன்றைக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டீர்களா?" என்றேன். "எதுக்கு சாமி? அதான் எழுத்திலேயே இருக்கே" என்றார். நான் விடவில்லை. அங்கேயே, என் முன்னாலேயே, அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். மறுமுனையில் "தம்பி" என்ற ஒரு சொல் கேட்டது. அதற்கு மேல் இருவராலும் சற்று நேரம் பேச முடியவில்லை. அடுத்த மாதம் நடந்த கலியாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினவர் அந்தச் சித்தப்பன்தான்.

பிரியமானவர்களே, இரண்டு வருஷத்துப் பகையை அழிக்க ஒரு குரல் போதுமாயிருந்தது ஏன்? மூன்று காரணங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, குரலில் மனிதன் இருக்கிறான். உயிர்த்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லறையருகே நின்ற மரிய மதலேனம்மாளை நினைத்துப் பாருங்கள். அவள் ஆண்டவரைக் கண்ணால் கண்டாள். ஆனாலும் தோட்டக்காரன் என்றே எண்ணினாள். எப்போது அறிந்துகொண்டாள்? அவர் அவளைப் பேர் சொல்லி அழைத்தபோதுதான். கண் தவறவிட்டதைக் காது பிடித்துக்கொண்டது. அவ்விதமே தேவதாயார் எலிசபெத்தம்மாளைச் சந்தித்தபோது நடந்தது என்ன? வாழ்த்துச் சொன்ன குரல் காதில் விழுந்ததும் வயிற்றுப் பிள்ளை துள்ளிற்று. மலைநாட்டுக்குப் போகிற யாரிடமாவது தேவதாயார் சேதி சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தாமே எழுந்து விரைந்து போனார். முதிர்ந்த வயதில் கர்ப்பமாயிருந்தவளுக்கு வேண்டியது வாழ்த்து மாத்திரம் அல்ல, துணை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாய்மாரே, இதை நீங்கள் அனுபவத்தில் அறிவீர்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் "நல்லாயிருக்கேன்" என்று எழுதினால் நம்பிவிடுகிறீர்கள். அதே சொல்லைப் பேசினால், தொண்டை கட்டியிருப்பதும், சாப்பிடாமல் இருப்பதும், அழுதிருப்பதும் உங்களுக்குத் தெரிந்துபோகிறது. எழுத்து மறைத்ததைக் குரல் காட்டிக்கொடுக்கிறது. சில பிள்ளைகள் எழுதுவதையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, குரல் பதிலைக் கேட்கிறது. செல்போனுக்கு முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது 1992-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, இங்கிலாந்தில். அது ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவரால் பதில் எழுத முடியவில்லை. அந்தக் காலத்துக் கருவியில் சேதியை வாங்கலாமேயன்றி அனுப்ப வசதியில்லை. கருவி எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் குறுஞ்செய்தியின் சுபாவம் முழுதும் மாறவில்லை. அனுப்பினவன் தன் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறான். பேசுகிறவனோ, மற்றவன் சொல்வதைக் கேட்டே தீரவேண்டும்.

நம் கடற்கரை மக்கள் மறக்கக் கூடாத ஒரு சம்பவம் உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று சுனாமி நம் கரையில் செய்த நாசத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. இழந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். நமக்குத் தெற்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. அவ்வூர் வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். கடல் பொங்கின செய்தியை அங்கே அறிந்ததும், வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தவள் சகோதரி. கடல்நீர் வீட்டுக்குள் வருகிறது என்று அவள் சொன்னாள். அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில், உடனே வெளியேறுங்கள், ஊரையும் வெளியேற்றுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திவந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் அதன் மூலம் எல்லாரையும் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன; சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அவள் சொன்ன பதிலை அந்த நொடியில் கேட்டபடியால் அல்லவா அவருக்கு ஆபத்தின் அளவு தெரிந்தது? அவர் பதறின குரலைக் கேட்டபடியால் அல்லவா வீட்டார் எழுந்து ஓடினார்கள்?

இதற்கு எதிரான ஒரு சம்பவத்தையும் துக்கத்தோடு சொல்லவேண்டும். 2018-ம் ஆண்டு மே மாதத்தில், குழந்தை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்ற பொய்ச்சேதி வாட்ஸ்அப்பில் நம் வட மாவட்டங்கள் எங்கும் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வத்தைக் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர்களில் 65 வயதான மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. அந்தப் பொய்யை அனுப்பினவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரும் கையில் தடி எடுத்திருக்கமாட்டார்கள். விரலால் தொட்டார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் ஜூலை மாதத்தில், ஒரே சேதியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பாதபடி வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் தடை செய்தது. ஆனால் மனச்சாட்சிக்கு ஐந்து என்றும் ஆறு என்றும் கணக்கில்லை. ஒருவன் நம் எதிரில் நின்று இப்படிச் சொன்னால், "நீ பார்த்தாயா? யார் சொன்னது?" என்று கேட்போம் அல்லவா? சேதியிடம் நாம் அதைக் கேட்பதில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை நாவுக்கு மாத்திரம் அல்ல, விரலுக்கும் உரியது.

மூன்றாவது, சில காரியங்களுக்குக் குரலும் போதாது, நாமே போகவேண்டும். 1602-ம் ஆண்டில், தூரத்திலிருக்கும் குருவுக்குக் கடிதம் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பாவப்பொறுத்தலையும் அவ்விதமே பெறலாம் என்ற கொள்கையைப் பாப்பரசர் 8-ம் கிளெமெந்து கண்டனம் செய்தார். திருச்சபை எழுத்துக்குப் பகையானதால் அல்ல. மனுஷனை இரட்சிக்கச் சர்வேசுரன் தெரிந்துகொண்ட வழியே அது. தீர்க்கதரிசிகள் மூலமாய் அவர் வெகுகாலம் செய்தி அனுப்பினார். கடைசியில் தாமே வந்தார். குஷ்டரோகியைத் தூரத்திலிருந்தே குணமாக்க வல்லவர், கையை நீட்டித் தொட்டுக் குணமாக்கினார்.

நம் முன்னோர் இதை அறிந்து நடந்தார்கள். கலியாணம் என்றால் தாம்பூலத்தோடு வீடு தேடி வந்து அழைப்பார்கள். சாவு என்றால் ஆள் போய்ச் சொல்லும். கேட்டவர்கள் போட்டது போட்டபடி கிளம்புவார்கள். இப்போதோ பத்திரிகையைப் படம் பிடித்துப் போட்டு, இதையே நேரில் அழைத்ததாக ஏற்கவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். தூரத்திலிருக்கிறவர்களுக்கு அது தகும். அடுத்த தெருவிலிருக்கும் அத்தைக்கும் அதுதானா?

"அப்படியானால் எழுதுவதே தவறா, சாமி?" என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. அர்ச். சின்னப்பர் நிருபங்களால் அல்லவா சபைகளைத் தாங்கினார்? அர்ச். சவேரியார் தமக்கு வந்த கடிதங்களிலிருந்து தம் தோழர்கள் கையெழுத்திட்ட பேர்களை வெட்டியெடுத்து, தம்மோடு எப்போதும் சுமந்து திரிந்தார். அன்புள்ள இடத்தில் எழுத்தும் உயிருள்ளதாகிறது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, முன்னதாகவே செல்போனில் வந்த எச்சரிக்கைச் சேதிகள் எத்தனையோ பேருக்கு உதவின. காது கேளாத நம் சகோதரருக்குக் குறுஞ்செய்தி ஒரு பெரிய வரம். வேலை நேரத்திலிருப்பவருக்கு அது மரியாதை. வாயால் சொல்லக் கூசுகிற ஒரு மன்னிப்பை முதலில் எழுத்தால் தொடங்குகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். மருந்துச் சீட்டும், பாங்கு விவரமும், ரெயில் நேரமும் எழுத்தில் இருப்பதே நலம். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் எல்லாப் படகுக்கும் கரை இருக்கும் திசையைக் காட்டுகிறது. அது மெத்த நல்லது. ஆனால் கரையேறினவனைப் பார்த்து, "ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று விளக்கம் கேட்காது. அதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும்.

அந்த அர்ச். சவேரியாரைப் பற்றியே இன்னுமொன்று சொல்லுகிறேன். அர்ச். இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வரும்படி அழைத்து 1553-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் உரோமையிலிருந்து கடிதம் எழுதினார். சவேரியாரோ 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதியே சீனதேசத்துக்கு அருகே சான்சியான் தீவில் மரித்திருந்தார். ஆறு மாதத்துக்கு மேலாகியும் சாவுச்செய்தி உரோமைக்கு எட்டவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லாதிருந்தது. நமக்கோ, நினைத்த நொடியில் கடல்கடந்த பிள்ளையின் குரலைக் கேட்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது. தந்தி அடித்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சுருக்கினோம். அந்தத் தந்தியும் 2013-ம் ஆண்டு ஜூலையோடு நின்றுபோயிற்று. இன்று பேச்சுக்கு அப்படிக் கணக்கில்லாதபோதும் சுருக்குகிறோம் என்றால், குறைந்துபோனது காசு அல்ல.

உங்களைச் சொல்லும் நானும் குற்றமற்றவன் அல்லேன். சென்ற வருஷம் ஒரு மாலையில் ஒரு தாயார், "சாமி, கொஞ்சம் பேசணும்" என்று எனக்குச் சேதி அனுப்பினார். நான் ஏதோ கணக்கு வேலையிலிருந்தேன். கைகூப்பின படம் ஒன்றைப் போட்டு, "ஜெபிக்கிறேன், அம்மா" என்று எழுதிவிட்டேன். அவர் ஜெபம் கேட்கவில்லை, பேசக் கேட்டார். அவருடைய புருஷர் மரணப்படுக்கையில் குருவைத் தேடிக்கொண்டிருந்தார். சாமியைத் தொந்தரவு செய்யலாகாது என்று அந்த அம்மாளும் மறுபடி கேட்கவில்லை. வீட்டார் ஒருவர் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு குருவானவரை அழைத்து வந்ததால், அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கிடைத்தது. சர்வேசுரன் என் அசட்டையைத் தம் இரக்கத்தால் மூடினார். மறுநாள் அடக்கப்பூசை வைக்கையில் என் மனம் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன்.

ஆகையால் இந்த வாரம் நாம் எல்லாரும் சில பிரதிக்கினைகள் செய்துகொள்வோம்.

வீட்டில் வியாதிக்காரர் ஆபத்தான நிலையிலிருந்தால், குருவுக்குச் சேதி எழுதிவிட்டுக் காத்திராதீர்கள். நடுச்சாமமானாலும் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்டுங்கள். அது தொந்தரவு அல்ல, எனக்குள்ள கடமை.

யாருடைய சேதியாவது உங்கள் மனதைப் புண்படுத்தினால், எழுத்தால் பதில் சொல்லாதீர்கள். பொழுது சாயுமுன்னே கூப்பிட்டு, "நீங்கள் எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். சண்டையை எழுத்தில் நடத்தவே வேண்டாம்.

பிறர் அனுப்பினதை மேலும் அனுப்புமுன், அனுப்பினவரையே, "நீங்கள் பார்த்தீர்களா?" என்று விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

வாலிபரே, தனித்திருக்கும் தாய் தகப்பனை, பாட்டன் பாட்டியை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். பேச விஷயம் இல்லை என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு விஷயம் வேண்டாம், உங்கள் குரல் வேண்டும். பெரியவர்களே, பிள்ளைகள் வேலை நேரத்தில் எடுக்காவிட்டால் பத்துத் தடவை அடித்து மனம் சலிக்காதீர்கள். "எப்போது பேசலாம்?" என்று ஒரு சேதி போட நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

1951-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், கபிரியேல் சம்மனசானவரைத் தந்தி, தொலைபேசி, வானொலி முதலிய சாதனங்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அந்தச் சம்மனசானவர் தாம் பெற்ற செய்தியை எப்படிக் கொடுத்தார் என்று பாருங்கள். நாசரேத்தூருக்கு நேரில் வந்தார். மங்களம் சொன்னார். கன்னிகையின் கலக்கத்தைக் கண்டு, அஞ்ச வேண்டாம் என்று தேற்றினார். அவர் கேட்ட கேள்விக்கு விடை சொன்னார். அவருடைய சம்மதத்தைக் கேட்ட பின்பே அகன்றார். மாசில்லாத அந்தத் தாயாரின் வேண்டுதலாலும், கபிரியேல் சம்மனசானவரின் துணையாலும், நம் வீடுகளில் நின்றுபோன பேச்சுக்களைச் சர்வேசுரன் மறுபடி துவக்கி அருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு.